"நான் எதிர்த்தேன்" என்கிறார் எம்.பி. ஹன்சாட்டில் எப்படிச் சரிபார்ப்பது?

ராமகிருஷ்ண வீதி, கொழும்பு 6

வணக்கம். கேள்வி சின்னது. ஆனால் அது வந்த விதத்தைச் சொல்லாமல் கேட்டால் விளங்காது.

2020 பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு, அதன் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போட்டேன். அந்த மூவரில் ஒருவரைப் பற்றித்தான் கேட்கிறேன். பெயரையும் கட்சியையும் இங்கே எழுத மாட்டேன். சரியாகத் தெரியாமல் ஒருவரைப் பற்றிப் பொதுவில் எழுதுவது பிழை.

என் தம்பி பேஸ்புக்கில் ஒரு சிறிய பக்கம் நடத்துகிறான். தண்ணீர் வெட்டு எப்போது, எந்த ஒழுங்கையில் கான் அடைத்திருக்கிறது, கடற்கரைப் பக்கம் ரயில் கடவை மூடியிருக்கிறதா என்று எங்கள் பகுதி ஆட்களுக்குத் தேவையானவை. ஒரு முறை கான் துப்புரவு செய்யாததைப் படம் எடுத்துப் போட்டதற்கு ஒருவர் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். 2024 ஜனவரியில், இணையத்தில் பொய்யென்று கருதப்படும் பதிவுகளுக்குத் தண்டனை கொடுக்க வகை செய்யும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அம்மாவுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தை மூடச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தம்பி மூன்று கிழமை மூடி வைத்தான்.

அப்புறம் அதே ஆண்டு தேர்தல் காலத்தில் எங்கள் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அந்த எம்.பி. வந்தார். யாரோ இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். "நான் எதிர்த்தேன்" என்றார். எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சட்டத்தை ஆதரித்தவர்கள் என்று தலைப்பு, கீழே அவருடைய முகம்.

எது உண்மை? அவருடைய காரியாலயத்துக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர், "அது பழைய கதை, இப்போது ஏன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அது பழைய கதை இல்லை. அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது, தம்பியின் பக்கமும் இருக்கிறது.

ஒரு எம்.பி. எந்த நாளில் எப்படி வாக்களித்தார் என்பது எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா? சாதாரண ஆள் போய்ப் பார்க்க முடியுமா? அவர் பாராளுமன்றத்தில் என்ன செய்தார் என்பதை எதை வைத்து அளப்பது? தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.


கொட்டாஞ்சேனை13

மந்திரி டொட் எல்கே என்று ஒரு தளம் இருக்கிறது. வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நடத்துவது, தமிழிலும் பார்க்கலாம். பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டை வைத்து எம்.பி.மாரைத் தரவரிசைப்படுத்துவார்கள். யார் எந்தத் துறையைப் பற்றி அதிகம் பேசினார் என்று அதில் தெரியும். நான் தேர்தலுக்கு முந்தி அதைத்தான் பார்த்தேன். தொடங்குவதற்கு அது போதும் அக்கா. ஆனால் நீங்கள் கேட்கிற அந்த ஒரு வாக்குக்கு அது விடை தருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேச்சு வேறு, வாக்கு வேறு.


கலரி நிருபர் (ஓய்வு)

மகள், உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. எழுதப்பட்டும் இருக்கிறது. நான் ஒரு தமிழ்த் தினசரிக்காகப் பல வருடம் பாராளுமன்றப் பத்திரிகையாளர் கலரியில் இருந்தவன். கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறி, பொல்துவ சந்தியில் இறங்கி, தியவன்னா ஓயாவுக்கு மேலால் நடந்து போவேன். ஜெப்ரி பாவா கட்டிய அந்தச் செப்புக் கூரைக்குக் கீழே எத்தனையோ வாக்கெடுப்பைக் குறித்திருக்கிறேன். எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஹன்சாட். சபையில் பேசப்படுகிற ஒவ்வொரு சொல்லும் அதில் அச்சாகும். பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாக இருக்கிறது. அச்சுப் பிரதி வேண்டுமென்றால் கிருலப்பனை மாவத்தையில் உள்ள அரசாங்க தகவல் திணைக்களத்தில் வெளியீட்டுப் பணியகம் இருக்கிறது, அங்கே வாங்கலாம். சில பிரதிகளின் முகப்பில் "பிழை திருத்தப்படாதது" என்று இருக்கும். பயப்பட வேண்டாம், உறுப்பினர்கள் தங்கள் பேச்சைத் திருத்திக் கொடுக்க முன்னர் வந்தது என்றுதான் அர்த்தம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாந்து போவீர்கள். ஹன்சாட் மொழிபெயர்ப்பு அல்ல. ஒருவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அவர் பேச்சு அச்சாகும். கொழும்பு மாவட்ட எம்.பி. சிங்களத்தில் பேசியிருந்தால் அது சிங்களத்தில்தான் இருக்கும், சபையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற உரைபெயர்ப்பு காகிதத்துக்கு வராது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளில் நான் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடிப் பார்த்திருக்கிறேன், அகப்படவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் எடுத்தேன்.

இனி வாக்கு. எல்லாச் சட்டமூலத்துக்கும் பெயர் குறித்து வாக்கெடுப்பு நடக்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சபாநாயகர் கேட்பார், ஆம் என்பவர்கள் ஆம் என்பார்கள், இல்லை என்பவர்கள் இல்லை என்பார்கள், குரலைக் கேட்டு அவர் முடிவைச் சொல்வார். ஹன்சாட்டில் "வினா விடுக்கப்பெற்று ஏற்றுக்கொள்ளப்பெற்றது" என்று ஒரே வரி. அவ்வளவுதான். அந்த வரிக்குப் பின்னால் யாருடைய பெயரும் இல்லை. ஓர் உறுப்பினர் எழுந்து வாக்கெடுப்புக் கேட்டால்தான் மணி அடித்து, பெயர்கள் பதிவாகும். ஆகவே ஒரு எம்.பி.யின் வாக்குப் பதிவு என்று நாம் சொல்வது, யாரோ ஒருவர் எழுந்து கேட்ட நாட்களின் பதிவு மட்டுமே. 2018 நவம்பர் 14 அன்று, அப்போது பிரதமராக நியமிக்கப்பட்டிருந்த மஹிந்த ராஜபக்ஷவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையையே குரல் வாக்கில்தான் முடித்தார்கள். அத்தனை பெரிய விடயத்துக்கு அன்றைக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. பிறகு டிசம்பர் 12 அன்று ரணில் விக்ரமசிங்கவுக்கு நம்பிக்கை தெரிவித்தபோது 117 பேர் என்று எண்ணிக்கை வந்தது.

உங்கள் சட்டமூலத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி 23, 24 இரண்டு நாளும் விவாதம். 24ஆம் திகதி மாலை இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு, அதாவது சட்டமூலத்தைக் கொள்கையளவில் ஏற்பதா என்ற வாக்கெடுப்பு. சார்பாக 108, எதிராக 62. அந்த நாளைய ஹன்சாட்டை எடுங்கள், இரண்டு பட்டியலும் இருக்கும்.

ஆனால் அங்கே நிறுத்தாதீர்கள். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 108ஐயும் 62ஐயும் கூட்டுங்கள், 170. சபையில் 225 பேர். சபாநாயகர் சாதாரணமாக வாக்களிப்பதில்லை, வாக்குகள் சமமாக வந்தால்தான் அவருடைய வாக்கு. அவரைக் கழித்தால் 54 பேர் மிஞ்சுகிறார்கள். அந்த 54 பேரின் பட்டியலை யாரும் உங்களுக்குத் தயாரித்துத் தர மாட்டார்கள். 225 பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு நீங்களே கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இதை எனக்குப் படிப்பித்தவர் எங்கள் செய்தி ஆசிரியர். 2010 செப்டம்பர் 8, அரசியலமைப்பின் பதினெட்டாவது திருத்தம். சார்பாக 161, எதிராக 17. நான் இரவு காரியாலயத்துக்கு வந்து இரண்டு பட்டியலையும் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "மற்ற ஆட்கள் எங்கே?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "வராததும் செய்திதானே, போய்க் கழித்துக்கொண்டு வா" என்றார். இரவு பன்னிரண்டு மணி தாண்டியும் இருந்து சபாநாயகரையும் சேர்த்து 47 பெயரை எழுதினேன். பிறகு அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அது முதலாவதை விட முக்கியமானது. "இதில் யார் புறக்கணித்தது, யார் நழுவியது?" ஐக்கிய தேசியக் கட்சி அன்று வாக்கெடுப்பைப் புறக்கணிப்பதாக அறிவித்திருந்தது. வெளியில் நின்றதற்குக் காரணத்தைப் பகிரங்கமாகச் சொன்னவர்கள் அவர்கள். ஒன்றுமே சொல்லாமல் வராதவர்களை அவர்களோடு ஒரே கணக்கில் சேர்க்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு வேண்டும் என்றால், அது வந்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு அல்ல, மொத்த 225இல். அதாவது 150. அப்படியான நாளில் வராமல் இருப்பவர் உண்மையில் அந்தத் திருத்தத்துக்கு ஒரு வாக்கைக் குறைக்கிறார். சாதாரணச் சட்டமூலத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். அங்கே வராதவர் யாருக்கும் எதையும் குறைக்கவில்லை. உங்களுடைய சட்டமூலம் இரண்டாவது வகை. எதிர்ப்பவர் ஒருவர் அன்று வெளியில் இருந்தால் அவருடைய எதிர்ப்பு கணக்கில் ஒரு இடத்திலும் ஏறாது. 2020 ஒக்டோபர் 22 அன்று இருபதாவது திருத்தத்துக்கு 156க்கு 65. கூட்டினால் 221. வர வேண்டும் என்று நினைத்தால் எல்லோரும் வருகிறார்கள் என்பது அதில் தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சட்டத்துக்கு இரண்டாவது வாக்கெடுப்பு ஒன்றும் நடந்தது, பலருக்கு அது ஞாபகம் இல்லை. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படாமலே சபாநாயகர் கையெழுத்திட்டார் என்று குற்றஞ்சாட்டி எதிர்க்கட்சி அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. 2024 மார்ச் 21. பிரேரணைக்குச் சார்பாக 75, எதிராக 117. தோற்றது. ஜனவரியையும் மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் சட்டமூலத்தை எதிர்த்தது 62 பேர், மார்ச்சில் பிரேரணைக்குச் சார்பாக வந்தது 75 பேர்.


சட்டக்கல்லூரி, இரண்டாம் ஆண்டு

ஐயா சொன்னதோடு இரண்டு விடயம் சேர்க்கிறேன்.

சில வாக்குகளைத் தேடவே கூடாது, ஏனென்றால் அவை இரகசியம். 2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது ரணில் விக்ரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அனுர குமார திசாநாயக்கவுக்கு 3. இந்த எண்கள் மட்டும்தான் பதிவில் இருக்கின்றன. யார் யாருக்குப் போட்டார் என்று ஒரு பட்டியல் உங்கள் போனுக்கு வந்தால் அது யாரோ ஊகித்து எழுதியது. அன்று நான்கு வாக்குகள் செல்லுபடியாகவில்லை. கஜேந்திரகுமார் பொன்னம்பலமும் செல்வராசா கஜேந்திரனும் தாங்கள் வாக்களிக்கவில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார்கள், அதனால் அது மட்டும் தெரியும்.

அடுத்தது, எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று பார்க்கும்போது அவருடைய கட்சி என்ன முடிவு எடுத்திருந்தது என்பதையும் பாருங்கள். 2021 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்ப்பதென ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் முடிவு செய்திருந்தது. நஸீர் அஹமட் ஆதரித்து வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது. அவர் வழக்குப் போட்டார், 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் நீக்கம் செல்லும் என்றது. ஆசனம் போனது, அப்போது அவர் அமைச்சராகவும் இருந்தார். அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை இப்படித்தான் வேலை செய்கிறது. விகிதாசார முறையில் நாம் முதலில் கட்சிக்குப் புள்ளடி போடுகிறோம், அதனால் ஆசனம் கட்சியோடு ஒட்டியிருக்கிறது. ஒரு எம்.பி. கட்சியை மீறி வாக்களிப்பது இங்கே லேசான காரியம் இல்லை. இதை அவருக்குச் சாட்டாகச் சொல்லவில்லை அக்கா, வாசிக்கும்போது மனதில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இணையத்தளத்தில் ஏதாவது கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பாராளுமன்றத்துக்கே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.


ராமகிருஷ்ண வீதி, கொழும்பு 6

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை முழுக்க வேலை செய்தோம். தம்பி கணினியில், நான் காகிதத்தில். 225 பெயரையும் ஒரு கொப்பியில் எழுதினேன். சார்பாக வாக்களித்தவர்களுக்குச் சிவப்பு, எதிராக வாக்களித்தவர்களுக்கு நீலம். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது என்ன மார்க் போடுகிறீர்களா?" என்று கேட்டார். பிறகு அவரும் உட்கார்ந்து பெயர் வாசித்தார். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர்.

அவருடைய பெயருக்கு நிறமே இல்லை.

இரண்டு தரம் பார்த்தோம். முதல் எழுத்துகள் மாறியிருக்குமோ என்று மூன்றாம் தரம் தம்பி தனியாகப் பார்த்தான். ஜனவரி 24 அன்று அவர் ஆதரிக்கவில்லை. அந்த வாட்ஸ்அப் படம் பொய். அவர் எதிர்க்கவுமில்லை. மண்டபத்தில் சொன்னதும் சரியில்லை.

அதன் பிறகு அன்றைய கூட்ட அறிக்கையையும் எடுத்தோம். வந்திருந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவருடைய பெயரும் இருக்கிறது. எனக்கு உண்மையில் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போனது. வராமல் இருந்தால் சுகமில்லை, வெளிநாடு, வீட்டில் ஏதோ ஒன்று என்று நினைக்கலாம். வந்திருக்கிறார். வாக்கெடுப்பில் இல்லை.

இரண்டு நாள் விவாதத்தையும் புரட்டினோம். சிங்களப் பேச்சுகளைப் பக்கத்து வீட்டு அக்கா வாசித்து அர்த்தம் சொன்னார். எங்கள் ஆள் இந்தச் சட்டமூலத்தைப் பற்றி இரண்டு நாளும் பேசவில்லை. ஆனால் மார்ச் 21 பட்டியலில் இருக்கிறார், பிரேரணைக்குச் சார்பான 75 பேரில் ஒருவராக. அப்படியென்றால் "நான் எதிர்த்தேன்" என்று அவர் சொன்னது மார்ச் மாதத்தை நினைத்தா? இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.


கொட்டாஞ்சேனை13

இதுக்குப் பிறகு என்ன விளங்க வேண்டும் அக்கா? வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அமர்வுக்கு வந்தால் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் படி, அது எங்களுடைய காசு. பெயரைப் போடுங்கள். அடுத்த தேர்தலில் கேட்க வரும்போது நாங்களும் கேட்போம்.


கலரி நிருபர் (ஓய்வு)

தம்பி, கோபம் நியாயம். ஆனால் பெயரைப் போடுவதற்கு முன்னர் அவரிடம் கேட்க வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் இது கட்டாயம், இப்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மகள், நீங்கள் கண்டுபிடித்தது சின்ன விடயம் இல்லை. வருகைப் பட்டியலையும் வாக்குப் பட்டியலையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. வருகை என்பது அந்த நாளில் ஏதோ ஒரு வேளை அவர் அங்கே இருந்தார் என்பதற்கு மட்டும் சாட்சி. காலை ஒன்பதரைக்கு வந்து பத்தரைக்குப் போனவரும் வந்தவர்தான். நான் கலரியிலிருந்து பார்த்திருக்கிறேன், கேள்வி நேரம் முடிந்து விவாதம் சூடு குறைந்ததும் ஆசனங்கள் காலியாகத் தொடங்கும். பிற்பகலில் பேசுகிறவர், அவருக்குப் பின்னால் இரண்டு பேர், எதிரில் ஓர் அமைச்சர். கூட்டம் நடக்க 20 பேர் இருந்தால் போதும் என்கிறது அரசியலமைப்பு, அதையும் யாராவது எழுந்து சுட்டிக்காட்டினால்தான் எண்ணுவார்கள். வாக்கெடுப்பு மணி அடித்ததும் நூலகத்திலிருந்தும் குழு அறைகளிலிருந்தும் சாப்பாட்டு அறையிலிருந்தும் ஓடி வருவார்கள். வளாகத்தில் இருந்த ஒருவருக்கு மணி கேட்காமல் போகாது. ஆனால் வளாகத்தை விட்டே போயிருக்கலாம். காரணம் நல்லதாகவும் இருக்கலாம். அன்று பின்னேரம் அவர் வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்தால் உங்களுக்கோ எனக்கோ தெரியாது.

மார்ச் வாக்கைக் குறைத்து எடைபோடவும் வேண்டாம், ஜனவரி வாக்குக்குப் பதிலாக எடுக்கவும் வேண்டாம். மார்ச்சில் அவர் வாக்களித்தது சபாநாயகரின் செயலுக்கு எதிராக. அதில் வென்றிருந்தால் சபாநாயகர் போயிருப்பார், சட்டம் அப்படியே இருந்திருக்கும். சட்டத்தை நிறுத்தக்கூடிய நாள் ஜனவரி 24.

பேச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், எதை வைத்து அளப்பது என்று. நான் பேச்சின் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன். கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பெயர் கொடுப்பார்கள், எழுந்து எதையாவது பேசிவிட்டுப் போகலாம். நான் முதலில் பார்ப்பது வாய்மூல விடைக்கான கேள்விகளை. ஒரு நல்ல கேள்வி கேட்க ஒரு எம்.பி. உண்மையில் வேலை செய்ய வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள், மிச்சம் எங்கே என்று கேட்டால் அமைச்சர் எண்ணோடு பதில் சொல்லியாக வேண்டும், அந்த எண் ஹன்சாட்டில் நிரந்தரமாக நிற்கும். பிறகு அரச நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழு, அரசாங்கக் கணக்குகளைப் பார்க்கும் கோபா குழு, துறைசார் மேற்பார்வைக் குழுக்கள். அங்கே கமரா அதிகம் இல்லை, கைதட்டல் இல்லை, ஒரு கணக்காய்வு அறிக்கையை வாசித்துவிட்டு வர வேண்டும். வாசித்துவிட்டு வந்தவர் யார், வெறுமனே உட்கார்ந்திருந்தவர் யார் என்பது அவர் கேட்கிற முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். சபையில் சத்தமே போடாத சிலர் குழுவில் மிக நல்ல வேலை செய்ததை நான் கண்டிருக்கிறேன். உங்கள் ஆள் எந்தக் குழுவில் இருந்தார் என்றும் பாருங்கள், அது அவருக்குச் செய்கிற நியாயம்.

இப்போது ஒரு கடிதம் எழுதுங்கள். போன் வேண்டாம், காகிதம். நாலு வரிக்கு மேல் போக வேண்டாம், குற்றஞ்சாட்டவும் வேண்டாம். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.


சட்டக்கல்லூரி, இரண்டாம் ஆண்டு

ஐயா, ஒரு சின்னச் சேர்க்கை. "அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் ஆசனம் போகும்" என்பதுதான் வருகையைப் பற்றி அரசியலமைப்பு சொல்வது. வாக்கெடுப்புக்கு வராமல் இருப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தண்டனையும் இல்லை. நாங்கள் கேட்டால்தான் உண்டு.


ராமகிருஷ்ண வீதி, கொழும்பு 6

கடிதம் எழுதிவிட்டேன். தம்பி நிறைய எழுதச் சொன்னான், நான் ஐயா சொன்னபடி சுருக்கினேன். இங்கே போடுகிறேன்.

"கௌரவ உறுப்பினர் அவர்களுக்கு, 2020இல் உங்களுக்கு விருப்பு வாக்கு அளித்த கொழும்பு 6 வாக்காளர் நான். 2024 ஜனவரி 24 நிகழ்நிலைக் காப்புச் சட்டமூல வாக்கெடுப்பில் சார்பான பட்டியலிலும் எதிரான பட்டியலிலும் உங்கள் பெயரை நான் காணவில்லை. அன்றைய வருகையில் காண்கிறேன். தேர்தல் கூட்டத்தில் நீங்கள் எதிர்த்ததாகச் சொன்னதை நேரில் கேட்டேன். வாக்கெடுப்பு நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். நான் பிழையாக வாசித்திருந்தால் ஹன்சாட் பக்கத்தைக் குறிப்பிட்டுத் திருத்துங்கள்."

குழுக்களையும் பார்த்தேன் ஐயா. ஒரு குழுவில் இருந்திருக்கிறார், கூட்டங்களுக்கும் ஒழுங்காகப் போயிருக்கிறார். கல்வியைப் பற்றி அவர் கேட்ட வாய்மூலக் கேள்வி ஒன்றும் கிடைத்தது. நல்ல கேள்வி. கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடத்தைப் பற்றியது, அமைச்சர் பாடசாலை பாடசாலையாக எண் கொடுத்திருக்கிறார். என் மகள் படிக்கிற பாடசாலையும் அதில் இருக்கிறது. அதை வாசித்தபோது நான் ஏன் அவருக்கு வாக்குப் போட்டேன் என்று ஞாபகம் வந்தது. அதனால்தான் ஜனவரி 24 இன்னும் அதிகமாக வலிக்கிறது.

வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டு கொப்பிக்குள் இருக்கிறது. இன்று ஆறாவது நாள்.